முப்பத்தொரு எண்ணெய்த் தாள்கள்

முதல் தாளில் எண்ணெய்க் கறை இருந்தது. சண்முகப்பிரியா அதைத் தள்ளி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதிலும் எண்ணெய். கட்டைப் பிரித்துப் பரப்பினால், முப்பத்தொரு தாளும் பஜ்ஜி மடித்த காகிதம் மாதிரி இருந்தன.

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கட்டைத் தூக்கிக்கொண்டு நேரே இரண்டாம் வருட பி.ஏ. வகுப்புக்கு நடந்தாள்.

தென்காசியில் அந்தக் கல்லூரியில் ஆங்கிலக் கட்டுரை வகுப்பு என்றாலே சண்முகப்பிரியாதான். இலக்கணப் புத்தகத்தைத் தொடமாட்டாள். வாரம் ஒரு பழைய வெளிநாட்டுச் சிறுகதையை வாசிப்பாள். கடைசிப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிடுவாள். முடிவைப் பிள்ளைகள் சொந்த இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வர வேண்டும்.

தாளில் பெயர் இருக்கக் கூடாது, ஒரு எண் மட்டும்தான். மார்க் போட்டு முடித்த பிறகுதான் எந்த எண் யாருடையது என்று பார்ப்பாள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது தன் வகுப்பில் கிடையாது என்று ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி சொல்லுவாள். பிரின்சிபாலே அந்த முறையை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

அந்த வகுப்பில் எண்ணெய்த் தாள் என்றால் அது சுடலையாண்டியுடையது. குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் விடியற்காலையில் அப்பாவோடு அருவிக்கரைக்குப் போய், வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, குளித்து, அப்படியே பஸ் பிடித்து வருகிறவன். எத்தனை சோப்புப் போட்டாலும் அவன் நோட்டிலிருந்து அந்த வாசனை போகாது. அவன் எழுதியது பத்துக்கு நாலு மார்க்கைத் தாண்டியதில்லை. ஆனாலும் உழைத்துப் படிக்கிற பையன் என்று அவளுக்கு அவன்மேல் தனிப் பரிவு உண்டு.

அவனைத்தான் இப்போது வகுப்பே சேர்ந்து கேலி செய்கிறது. அதுவும் இன்டர்னல் மார்க்குக்கு இதுதான் கடைசித் தாள் என்கிற நேரத்தில்.

வகுப்புக்குள் நுழைந்ததும் கடைசி பெஞ்சைப் பார்த்தாள். சுடலையாண்டி இல்லை. அவமானத்தில் வராமல் இருந்துவிட்டான் என்று முடிவு கட்டினாள்.

கட்டை மேஜைமேல் போட்டாள்.

"யாரு வேலைலே இது?"



உங்கள் அப்பன் காசில் உட்கார்ந்து படிக்கிற உங்களுக்கு, சொந்தக் கையால் சம்பாதித்துப் படிக்கிறவனைப் பார்த்தால் இளக்காரமாக இருக்கிறதா என்று கேட்டாள். இத்தனை கதை வாசித்தும் ஒரு மனுஷன் மனசு உங்களுக்குப் புரியவில்லையே என்றாள். யார் தொடங்கியது என்று சொல்லாவிட்டால் அவனைத் தவிர முப்பது பேருக்கும் பூஜ்யம்தான் என்றாள். சொன்னால் செய்கிறவள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

முதல் பெஞ்சில் முஹ்ஸினா எழுந்தாள். வகுப்பிலேயே அதிக மார்க் வாங்குகிற பெண்.

"நான்தான் மேடம் தொடங்குனேன். எண்ணெய் வாங்குனதும் நான்தான்."

"நீயா? உன்னைப் போயி நல்ல பிள்ளைன்னு நினைச்சேனே."

"கேலி பண்ணல மேடம்."

"வேற இதுக்குப் பேரு என்ன?"

முஹ்ஸினா பையிலிருந்து இரண்டு பழைய தாள்களை எடுத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். இரண்டும் போன வாரம் சண்முகப்பிரியா திருத்திக் கொடுத்தவை. போருக்குப் போன மகனுக்குக் கோட்டுத் தைத்துக்கொண்டே இருக்கும் ஒரு தாயின் கதை அது. ஒரு தாள் சுத்தமாக இருந்தது, அதில் ஒன்பது மார்க். இன்னொன்றில் எண்ணெய். அதில் நாலு மார்க், கீழே 'கவனம் போதாது' என்று சிவப்பு மையில் அவள் கையெழுத்து.

"ஒம்பது வாங்குனதை வகுப்புல வாசிச்சுக் காட்டுனீங்க மேடம். மகன்னு சொல்லிட்டு வந்தவன் தோளைத் தொட்டதுமே இவன் நம்ம மகன் இல்லைன்னு அந்தத் தாய்க்குத் தெரிஞ்சுபோகுது, ஆனாலும் அவ கோட்டைக் குடுத்துருதா. இதுதான் எழுத்துன்னு சொன்னீங்க."

"ஆமா. நீ எழுதுனது. நம்பருக்குப் பேரைப் பாத்தேனே."

"சுடலையாண்டி எழுதுனது மேடம். ஒருத்தர் எழுதுனதை இன்னொருத்தர் தாள்ல காப்பி பண்ணிக் குடுத்தோம். நாலு வாங்குனது என்னோடது."

சண்முகப்பிரியா இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். நாலு மார்க் போட்ட தாளில் முதல் பத்தியைத் தாண்டி அவள் சிவப்பு மையே படவில்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பியதாகவும் ஞாபகம் இல்லை. 

"அந்த நாலைப் பாத்துட்டு, இனி எழுதமாட்டேன், காலேஜும் வேண்டாம்னு அவன் சொல்லிட்டான் மேடம். இந்த வாரத் தாளை நாங்கதான் அவன் வீட்டுக்குப் போய்க் கெஞ்சி வாங்கிட்டு வந்தோம்" என்றாள் முஹ்ஸினா. "எங்களுக்குப் பூஜ்யமே போடுங்க, பரவாயில்லை. இதுல எது அவன் தாளுன்னு மட்டும் கேக்காதீங்க."