அரைக் கீபோர்டு

"இடுப்பு விட்டுப்போகுது அம்மிணி. காலையில இருந்து மூணு மாடி ஏறி எறங்குன ஒடம்பு. அந்த அரைக் கீபோர்டு இருந்தா வெரசா எடுத்துக் காட்டு."

கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான் குப்புசாமி. சட்டையில் சிமெண்ட் காய்ந்து வெளுத்திருந்தது. மைசூரின் அந்தக் கம்ப்யூட்டர் கடைக்குள் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவன் அவன் ஒருவன்தான்.

"அரைக் கீபோர்டா? அப்படி எதுவும் வர்றதில்லையே அண்ணா," என்றாள் கடைப்பெண் அஷ்வினி.

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நீட்டினான். படித்ததும் அவள் சிரித்துவிட்டாள். "ஓ, கேமிங் கீபேடா!"

கல்லாவில் இருந்த முதலாளி கிருஷ்ணராஜ் நிமிர்ந்து, கன்னடம் கலந்த தமிழில் கேட்டார். "ஏன்ரீ யஜமான்ரே, மகன் கேம் ஆடறானா?"

"பொட்டப்புள்ளதானுங்க."

"மகளா? நல்லா வளர்த்திருக்கே போ! நீ வெயில்ல கல்லு தூக்கு. அவ ஃபேன் அடியில உக்காந்து டுமீல் டுமீல்னு சுடட்டும்."

குப்புசாமி தரையைப் பார்த்தான்.

அஷ்வினி பெட்டியைப் பிரித்தாள். உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஒன்று. மணிக்கட்டை வைத்துக்கொள்ள ஒரு மேடு, அதற்கு மேல் இருபது பட்டன்கள்.

"ஏழாயிரத்து இருநூறு அண்ணா."

"சாதா கீபோர்டு ஐநூறுக்கே கிடைக்குது," என்றார் கிருஷ்ணராஜ். "அதுல நூறு பட்டன். இதுல இருபது. பட்டன் கம்மி, காசு ஜாஸ்தி. பிள்ளை அழுதா எல்லாத்தையும் வாங்கிக் குடுத்துடறதா?"

குப்புசாமி அவர் பக்கம் திரும்பவே இல்லை. "எந்தக் கைக்குங்க அம்மிணி இது?"

"இடது கைக்கு. வலது கை மவுஸ் மேல இருக்கும்ல?"

"இடது கைக்குத்தான் வேணும். இதுலயே அத்தன எழுத்தும் அடிக்க முடியுமா?"

"இதுல யாரு அண்ணா எழுத்து அடிப்பாங்க? ஓடறதுக்கு, குதிக்கறதுக்கு, சுடறதுக்கு."

"நம்பரும் வரோணும். திங்கக்கெழம பரீட்ச. பில்லு போடற வேல. நிமிசத்துக்கு இருவத்தஞ்சு வார்த்த அடிச்சாத்தான் எடுப்பாங்களாம். சொந்தக் கீபோர்டு கொண்டாந்துக்கலாம்னு சொல்லிட்டாங்க."

"அதுக்கு சாதா கீபோர்டு போதுமே?"

"ஒத்தக் கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பாயறதுக்குள்ள நேரம் போயிருதுங்க. பதினெட்டத் தாண்ட மாட்டேங்குது. புள்ள ரெண்டு எடத்துல தோத்துட்டு வந்திருச்சு. இதுதான் கடசி."

"ஏன் ஒத்தக் கை?"

"வலது கை முட்டிக்குக் கீழ இல்லீங்க."

கிருஷ்ணராஜ் கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

"தப்பாய்த்து யஜமான்ரே. தெரியாம வாய் விட்டுட்டேன்."

"அதனால என்னங்க."

அஷ்வினி அதற்குள் கீபேடை லேப்டாப்பில் செருகியிருந்தாள். அரை மணி நேரம் அவள் தலை நிமிரவில்லை. ஒவ்வொரு பட்டனுக்கும் ஓர் எழுத்து. கட்டைவிரலால் ஓரத்துப் பட்டனை அழுத்தினால், மீதி எழுத்துகள் வரும். இன்னொன்றை அழுத்தினால் நம்பர். முடித்ததும் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி வைத்துக்கொண்டாள்.

"பொண்ணு பேரு என்னண்ணா?"

"ஜீவிதா."

இடது கையால் அடித்தாள். திரையில் பெயர் முழுசாக வந்தது. "கை நகரவே வேண்டாம் பாருங்க. எந்தக் கம்ப்யூட்டர்ல செருகினாலும் இப்படியே வேலை செய்யும். ஞாயித்துக்கிழமைக்குள்ள பழகிடுவா. வேலை அவளுக்குத்தான்!"

குப்புசாமி அவள் முதுகுக்குப் பின்னால் மடங்கியிருந்த அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"லாபம் பேடா, வேண்டவே வேண்டாம்," என்றார் கிருஷ்ணராஜ். "அசல் மட்டும் குடு."

"கொறைக்காதீங்க!" குப்புசாமி கத்தியதில் அஷ்வினி திடுக்கிட்டாள். அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "முழு வெலையும் எடுத்துக்குங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பாத்தியா அஷ்வினி? அப்பான்னா இவன்தான். காலைத் தொட்டுக் கும்பிடணும்."

கொஞ்ச நேரம் முன்னால் அவர் கிண்டல் செய்ததே தேவலை என்று இருந்தது குப்புசாமிக்கு. காது மடல் எரிந்தது. பணத்தை வைத்துவிட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டான்.

"வாரண்டி கார்டுல அப்பா பேரு எழுதட்டுமா அண்ணா?"

"அப்பா இல்லீங்க. அம்மா மல்லம்மான்னு எழுதுங்க."

அஷ்வினியின் பேனா நின்றது. "அப்போ நீங்க?"

"அவங்கம்மாவும் நானும் ஒரே எடத்துல வேல செய்யறோம்," என்றவன், செருப்பை மாட்டியும் மாட்டாமலும் தெருவில் இறங்கினான்.

காய்ச்சலில் கிடந்த மல்லம்மாவுக்குப் பதிலாக ஒரே ஒரு நாள் வேலைக்கு வந்த ஜீவிதாவை, கரண்ட் போன நேரம் பார்த்து, கலவை மிஷினுக்குள் கைவிட்டு ஒட்டிய சிமெண்டைச் சுரண்டச் சொல்லிவிட்டு, சுவிட்சை அணைக்காமல் டீ குடிக்கப் போனவன் குப்புசாமி. கரண்ட் திரும்பி வந்து அவள் கையை எடுத்துக்கொண்ட பிறகு, 'அந்தப் புள்ளதான் தெரியாம சுவிட்சப் போட்டிருச்சு' என்று ஊரை நம்பவைத்தவனும் அவன்தான். ஜீவிதா இன்றுவரை அது தன் தப்பு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். கையை அவனால் திருப்பித் தர முடியாது, ஆனால் அவளுக்குச் சொல்ல வேண்டிய உண்மை இன்னும் பாக்கி.