காலில் ஒரு பட்டை

காட்டுப்பன்றிக்குக் கண்ணி வைக்கிறவன் தன் காலில் பட்டை மாட்டிக்கொள்ள வேண்டும் என்பது சட்டம். கண்ணிக் கம்பி மிருகத்தை எவ்வளவு இறுக்குகிறதோ, பட்டையும் அவ்வளவு இறுக்கும். மிருகத்தை உயிரோடு அவிழ்த்து விட்டால்தான் பட்டை அவிழும்.

"முள்ளு மிதிச்ச காலு இது. என்ன பண்ணிப்போடும்?" என்று மனைவி மயிலாத்தாளிடம் வீம்பு பேசித்தான் சென்னியப்பன் அதை மாட்டிக்கொண்டான். மரவள்ளிக்காட்டைப் பன்றிகள் உழுதுபோட்ட ஆத்திரம் அவனுக்கு.

மத்தியானம் சோற்றில் கை வைத்தபோது பட்டை கவ்வியது. பல்லைக் கடித்துப் பார்த்தான். சோறு இறங்கவில்லை.

"ஏனுங்க, போயி அவுத்து உட்டுப்போட்டு வாங்க" என்று கெஞ்சினாள் மயிலாத்தாள்.

கம்பி வெட்டும் குறடோடு நொண்டிக்கொண்டே போனான். வேலியோரத்தில் கால் மாட்டிக் கிடந்த பெண்பன்றி, அவனைக் கண்டதும் மிரண்டு துள்ளி இழுத்தது. பட்டை எலும்பைத் தொட்டது. அலறிக்கொண்டு பின்வாங்கினான். பன்றி அடங்கியது, பட்டை கொஞ்சம் தளர்ந்தது. மறுபடி கிட்டே போனான். மறுபடி இறுகியது.

கடைசியில் குறடைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தான்.

"உன்னைய அவுத்து உடத்தான் வந்திருக்கறன், சாமி" என்றான், அழாத குறையாக.

அந்தக் குரல் கேட்டதும் பட்டை இன்னும் இறுகியது.