பூனைக்கும் பத்தியம்

வாயில் வைத்த கேழ்வரகுக் கஞ்சியை ஜன்னல் வழியாகத் துப்பினார் கோலப்பன். அது போய் வாழைமூட்டில் விழுந்தது.

“இது மனுசன் குடிக்கியதா? சுவருக்குப் பூசலாம்.”

“உடம்புக்கு நல்லது மாமா. கொஞ்சம் முருங்கையிலைத் தொவரனையும் சேத்துக் குடியுங்க” என்றாள் மருமகள் சுனிதா.

நெஞ்சுவலி வந்து நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் கிடந்தார். ரத்தக் குழாயில் ஏதோ கம்பியை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றிலிருந்து இதே கதிதான். காலையில் கேழ்வரகு, மத்தியானம் சம்பா அரிசிக் கஞ்சியும் சிறுபயறும், ராத்திரி தினை உப்புமா. இடையிடையே வாழைத்தண்டு, கோவக்காய், சுரைக்காய். சுரைக்காயை நினைத்தாலே அவருக்குக் குமட்டியது. சளி மாதிரி வழுவழுவென்று தொண்டையில் இறங்குகிற சாமானை ஆண்டவன் எதற்குத்தான் படைத்தானோ.

“ஒரு துண்டு சாளை வச்சா உன் சட்டி உடைஞ்சா போகும்?”

“டாக்டர் மீன் வேண்டாம்னு சொல்லியிருக்காரு மாமா.”

சொல்லும்போது அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கள்ளி, என்று நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஒரு பெண் சாப்பாட்டுப் பட்டியலை வாசித்துக் காட்டியபோது மீன் என்று காதில் விழுந்த ஓர்மை. அந்தக் காகிதம் இப்போது ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. முழுக்க இங்கிலீஷ். மூன்றாம் வகுப்போடு நின்றவர் அதில் எதைக் கண்டுபிடிக்க?

பூனை வந்து கஞ்சிக் கிண்ணத்தை மோந்து பார்த்தது. காலை உதறிக்கொண்டு போயிற்று.

“அதுக்கும் மீன் தலை கிடையாது. ஏம் பிள்ளே, பூனைக்கும் நெஞ்சுவலியா?”

மீன் இல்லாவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவன் மகன் சுயம்புராஜ். அவனும் எதிரே உட்கார்ந்து அதே கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தான்.

“ஏலே, உனக்கு எந்தக் குழாயில அடைப்பு?”

“ஒங்களுக்குத் துணைக்குத்தான்ப்பா.”

துணையாம். பெண்டாட்டி சொன்னால் இவன் வைக்கோலும் தின்பான்.

இவர்களை அடக்க அண்ணன் தாணுலிங்கம் ஒருவர்தான் சரி. மண்டைக்காட்டில் இருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று, “நீ வீட்டுக்கு வா மக்கா. கடியப்பட்டணத்துல வள்ளம் கரையேறினதும் விளமீன் வாங்கிட்டு வாறேன். எவ தடுக்கான்னு பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனவர். இதுவரை தலைகாட்டவில்லை. போன் செய்தால் அணைத்து வைத்திருக்கிறதாம்.

“அவனையும் நீங்கதான் வரண்டாம்னு சொல்லியிருப்பிய.”

“பாக்க ஆளு யாரும் வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காருல்லா மாமா.”

எதற்கெடுத்தாலும் டாக்டர். அண்ணன்மேலும் அவருக்கு எரிச்சலாக வந்தது. கூடப்பிறந்தவன் செத்துப் பிழைத்து வந்திருக்கிறான், எட்டிப் பார்க்க முடியாத அப்படி என்ன வேலை?

மூன்று நாள் கழித்துச் செக்கப். மகன்தான் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்ததுமே கோலப்பன் கேட்டுவிட்டார்.

“டாக்டரே, மீன் தின்னா செத்துருவேனா?”

டாக்டர் சிரித்தார். “எண்ணெயில பொரிக்காம குழம்பு வச்சுத் தாராளமா சாப்பிடுங்க. வீட்டுக்குப் போற அன்னைக்கே எழுதிக் கொடுத்தோமே.”

கோலப்பன் மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்தான்.

அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டரும் மகனும் ஏதோ பேசினார்கள். “நெஞ்சு உறுதியாத்தான் இருக்கு, இனிப் பயமில்ல” என்று டாக்டர் சொல்வது மட்டும் கேட்டது.

வீடு வரும்வரை ஆட்டோவில் மகனுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார். தன் வீட்டில், தன் மகனே பொய் சொல்லித் தன் வாயைக் கட்டியிருக்கிறான். கிழவனுக்கு நாக்கு எதற்கு என்று நினைத்துவிட்டார்கள். சீ என்று போயிற்று.

வாசலில் கால் வைத்ததும் வாசம் வந்து மூக்கில் ஏறியது. தேங்காய் அரைத்து, மாங்காய் போட்ட மீன் கறி. படிக்குக் கீழே பூனை ஒரு மீன் தலையைக் கவ்விக்கொண்டு உறுமியது.

சுனிதா சோற்றை வைத்து, விளமீன் கறியை ஊற்றினாள்.

“என்ன பிள்ளே, கள்ளம் வெளிச்சமாயிட்டுன்னு போன் வந்துதா? பயந்து போய் வச்சியா?”

அவள் அடுக்களை வாசலில் போய் நின்றுகொண்டாள்.

கோலப்பன் நல்ல நடுத்துண்டாகப் பார்த்து எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோனவர் என்ன நினைத்தாரோ, அதைத் தனியே ஒரு கிண்ணத்தில் வைத்தார்.

“இது அண்ணனுக்கு. ஃப்ரிட்ஜுல எடுத்து வை. மீன் கொண்டு வாறேன்னு சொல்லி ஏமாத்துன வெக்கங்கெட்டவன், எப்பமாவது வருவாம்லா. என் வீட்டு மீனைத் தின்னுட்டாவது போகட்டும்.”

யாரும் அந்தக் கிண்ணத்தை எடுக்கவில்லை.

“சரி, அது கிடக்கட்டும். நாங்க டாக்டர்கிட்ட இருந்து வாறதுக்கு முந்தியே கறி கொதிச்சிருக்கு. இத்தன நாள் வராத மீனு இன்னைக்கு மட்டும் எப்படி வந்துது?”

சுயம்புராஜ் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டான்.

“பெரியப்பாவுக்கு நேத்தோட பதினாறு முடிஞ்சுதுப்பா.”