கூண்டை இறக்கு

பாதிக் கொட்டாவியில் அவள் கீழே பார்த்தாள். மஞ்சள் தொப்பிகள் நாலாபக்கமும் சிதறி ஓடிக்கொண்டிருந்தன.

சற்றுமுன்தான் அக்காவுக்கு மெசேஜ் போட்டிருந்தாள்: ‘செம போர். இங்க ஒண்ணுமே நடக்காது.’

கிரேன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். கம்பிக்கட்டை மேலே ஏற்று, காலிக் கூண்டைக் கீழே இறக்கு. காற்றடித்தால் கேபின் ஆடும். உட்கார்ந்து உட்கார்ந்து கால் மரத்துப்போகும்.

வானத்திலிருந்து என்னவோ இறங்கியிருக்கிறது, ஊர் ஊராக வருகிறது என்று காலையிலிருந்தே செய்தி ஓடியது. என்ன வேண்டுமானாலும் இறங்கட்டும், ஸ்லாப் இன்றைக்குப் போட்டே ஆகணும் என்று சொல்லிவிட்டார் இன்ஜினியர்.

இப்போது முதலில் ஓடியவர் அவர்தான்.

கிரேனுக்குப் பின்பக்கமிருந்து அவை வந்தன. சாம்பல் நிறம். மாட்டின் உயரம். காலே இல்லை, ஈரச் சாக்கை யாரோ இழுப்பதுபோலத் தரையோடு வழுக்கிக்கொண்டு வந்தன. கேட்டைச் சாத்தப் போன வாட்ச்மேன் அந்தக் கூட்டத்துக்குள் விழுந்தார். பிறகு அவர் தெரியவில்லை.

வாக்கி-டாக்கி கரகரத்தது.

“குருவி! கூண்டை இறக்கு. எங்களை ஏத்து.”

மாமா. அக்காவின் கணவர். கீழே நின்று அவளுக்குக் கைச்சிக்னல் காட்டுவது அவர் வேலை. உச்சியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள் என்று அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

கூண்டில் ஆள் ஏறக்கூடாது. ஏற்றினால் வேலை போய்விடும். அதெல்லாம் நினைவுக்கு வருவதற்குள் கூண்டு பாதி இறங்கியிருந்தது.

கை நடுங்கினால் கீழே கூண்டு ஊஞ்சலாடும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதல் நடையில் சித்தாள் பெண்களும் கம்பி கட்டுபவர்களும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து ஏறினார்கள். அவர்களை மேல்தளத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது கவனித்தாள். படிக்கட்டு வாசலில் அவை மோதி மோதிச் சரிந்துகொண்டிருந்தன. படி ஏற அவற்றால் முடியவில்லை.

உயரத்துக்குப் போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது நடையில் மிச்சப் பேரை மாமா உள்ளே தள்ளினார். அவருக்கு இடமில்லை. கூண்டு எழும்பியபோது வெளிக்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்தார். அக்கா முகத்தில் இனி எப்படி விழிப்பேன், எப்படி விழிப்பேன் என்று அவள் வாய் தானாக முணுமுணுத்தது.

அவர் மேல்தளத்தில் உருண்டு விழுந்து எழுந்து நின்ற பிறகுதான், தான் அழுதுகொண்டிருப்பதே அவளுக்குத் தெரிந்தது.

“குருவி, கூண்டை இறக்கு.”

அதே குரல். கீழே இன்னும் யாரோ விட்டுப்போயிருக்கிறார்கள் என்று நினைத்து, அவள் மறுபடி கூண்டை இறக்கத் தொடங்கினாள்.

மேல்தளத்தில் மாமா இடுப்பைத் தடவித் தடவி எதையோ தேடினார். சட்டென்று நிமிர்ந்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தார். நிறுத்து.

அவரிடம் வாக்கி-டாக்கி இல்லை. தொங்கி வந்தபோது கீழே விழுந்திருக்க வேண்டும்.

லீவரை விட்டாள். கூண்டு அந்தரத்தில் நின்றது. அதற்கு நேர் கீழே அவை நெருக்கியடித்துக்கொண்டு நின்றன.

“சின்னதுங்க இருக்கு, குருவி. சீக்கிரம்.”

மாமாவின் குரல்தான். ஆனால் ஒவ்வொரு வார்த்தையையும் தேடிப் பிடித்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுபோல இருந்தது. ஏமாற்றுகிறது. வாக்கி-டாக்கியை அணைத்துவிடலாம் என்று கையை நீட்டினாள். கண் மட்டும் கீழேயே இருந்தது.

பெரியவற்றின் நடுவில், முழங்கால் உயரம்கூட இல்லாத சில. பெரியவை அவற்றை ஒட்டி வட்டம் கட்டி நின்றன. வட்டத்தின் ஓரத்தில் வாட்ச்மேன் எழுந்து உட்கார்ந்து, சிராய்த்த முழங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எதுவும் ஒன்றும் செய்யவில்லை.

அவை ஒரே பக்கமிருந்துதான் ஒதுங்கி ஒதுங்கி உள்ளே நெருங்கின. தாங்கள் வந்த பக்கத்திலிருந்து.

அது அவளுக்கு முதுகுப்பக்கம். கேபினின் பின்புறம் முழுக்கத் தகரம். இவ்வளவு நேரமும் அவள் அந்தத் திசையைப் பார்க்கவே இல்லை.

கதவைத் திறந்தாள். காற்று முகத்தில் அறைந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே சாய்ந்து, பின்னால் எட்டிப் பார்த்தாள்.

அவை எதற்குப் பயந்து ஓடிவந்தன என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தாள். கதவைச் சாத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. லீவரைத் தள்ளினாள். கூண்டு இறங்கியது.

மாமா பைத்தியம் பிடித்தவர்போல இரு கைகளையும் ஆட்டினார். கத்தினார். காதில் விழவில்லை. அவள் ஒரு கையை வெளியே நீட்டிப் பின்பக்கத்தைக் காட்டினாள்.

அந்தப் பக்கம் மேல்தளத்தில் ஆள் உயரத்துக்குப் பலகை அடைத்திருந்தது. அவர் கம்பிக்கட்டின்மேல் கால்வைத்து ஏறி, பலகைக்கு மேலாகத் தலையை நீட்டினார்.

நீட்டியபடியே நின்றார்.

பிறகு அவளைப் பார்த்துத் திரும்பி, ஆள்காட்டி விரலைத் தரை நோக்கி நீட்டினார். இறக்கு, இறக்கு என்று அதைச் சுழற்றினார். வேகமாக. இன்னும் வேகமாக.