மண்டபத்துக் காற்று

சுனாமி கொண்டுபோன மண்டபத்தைக் குளிரூட்டியோடு திரும்பக் கட்டித்தர வெளிநாட்டுக்காரர் வந்திருந்தார்கள். நாளைக்குள் குளிரூட்டிக் குழாயின் கணக்கு அவர்களுக்குப் போகாவிட்டால் உதவி வேறு ஊருக்குப் போய்விடும். எஞ்சினியர் றுமைஸ் மூன்றாவது நாளாகக் கணினியோடு மல்லுக்கட்டினார். காற்றுக்குழாயின் அழுத்த இழப்பு இறங்கவே மாட்டேன் என்றது.

"லண்டன்ல படிச்ச நான் பிழை விடுவனா? மென்பொருள்தான் பிழை!"

அழித்து மறுபடி ஏற்றினார். அதே எண். கடைசியில், கணக்கை மட்டுமே பார்த்தவர் முதன்முறையாக உதவியாளன் வினோஜ் வரைந்த படத்தைத் திறந்தார். ஒரே குழாயில் பதினான்கு வளைவுகள்; வளைவுக்கு வளைவு காற்றின் அழுத்தம் செத்துக்கொண்டிருந்தது.

"வினோஜ், என்னத்தக் கீறியிருக்காய்? குழாயா, பாம்பா?"

"நான் என்ன சேர் செய்ய? மண்டப நிர்வாக சபையில பதினாலு பேர். ஒவ்வொருத்தர்ட கதிரைக்கு மேலயும் காத்து வரணுமாம். ஒராளுக்குப் பக்கத்தில மத்த ஆள் இருக்கவும் மாட்டாராம்."

றுமைஸ் கொதித்தெழுந்தார். "எல்லாத்தையும் அழி! நேரா ஒரு குழாய் போடு. சபையாம், சபை!"

"ஓம் சேர். ஆனா உங்களையும் இண்டைக்குச் சபையில சேர்த்திருக்காங்களாம். சபைத் தலைவர் ஹமீட் ஹாஜியார் சொல்லச் சொன்னாரு."

றுமைஸ் மெல்ல உட்கார்ந்தார்.

"மேடைக்கு முன்னால என்ட கதிரைக்கும் இன்னொரு வளைவு போடு. காத்தத் தள்ளப் பெரிய ஃபேன் கேட்டு வெளிநாட்டுக்காரருக்கு எழுதுவம்."