சீல் பிரிக்காத பாட்டில்

இஞ்ஞாசியின் படத்துக்கு முன்னால் நின்ற வெங்கட்டின் கண்கள் கலங்கியிருந்தன. ஒரு கையில் கைக்குட்டை, மறு கையில் ஆனி கொடுத்த கிறிஸ்துமஸ் கேக். தேக்கா சந்தையில் அவன் வாங்கிவந்த ரோஜா மாலை படத்தில் தொங்கியது.

"அண்ணன் மட்டும் இருந்திருந்தா, இந்நேரம் ரெண்டாவது துண்டை ஊட்டியே விட்டிருப்பாருக்கா" என்றான்.

ஆனி மூக்கை உறிஞ்சினாள். கணவர் இஞ்ஞாசி போன பிறகு, ஆங் மோ கியோவில் இருக்கும் இந்த வீட்டைத் தேடி வந்த அலுவலக நண்பர் இவன் ஒருவன்தான். "எடுத்துக்குங்க தம்பி. இந்த வருஷம் சர்ச்ல பாதிப் பேர் என்கிட்டத்தான் கேக் ஆர்டர் கொடுத்திருக்காங்க."

"கொடுக்காம? போன வருஷத்தைவிட மணமா இருக்கே. லேசா சந்தனம் மாதிரி!"

"போங்க லா, சும்மா சொல்லாதீங்க."

வரவேற்பறை முழுக்கக் கேக் பெட்டிகள். மகள் டானியலாவுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. பணமில்லாமல் அதை ஒரு வருடம் தள்ளிப்போட்டுவிட்டுத் துணிக்கடையில் வேலை பார்த்தாள். அடுத்த வருடமும் கட்டணம் கட்ட முடியாவிட்டால் அந்த இடம் போய்விடும் என்றாள் ஆனி.

"அடப்பாவமே" என்ற வெங்கட்டின் பார்வை அலமாரியின் மேல்தட்டுக்குப் போனது. மரப்பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. நிம்மதியாக மென்றான்.

அந்தப் பெட்டியில் இருந்தது, எப்போதோ இழுத்து மூடப்பட்ட ஒரு ஜப்பானிய ஆலையின் விஸ்கி. இஞ்ஞாசியின் ஜப்பான்கார மேலதிகாரி ஓய்வுபெற்று ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. இப்போது அதே ரகப் பாட்டில் ஒன்று ஏலத்தில் போன விலைக்குச் சிங்கப்பூரில் காரே வாங்கலாம், கார் வைத்திருக்க அரசிடம் வாங்கும் சிஓஇ உரிமத்தையும் சேர்த்து.

இது இஞ்ஞாசிக்கும் தெரியும். சொன்னதே வெங்கட்தான். "அப்ப இது டானியலா படிப்புக்கு. எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நீங்கதான் நின்னு வித்துக் கொடுக்கணும்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மனைவியிடம் விலையைச் சொல்லவில்லை. சொன்னால் அவளுக்குத் தூக்கம் போய்விடும் என்று நினைத்தார். "விஸ்கி விஷயமா எதுன்னாலும் வெங்கட்டைக் கேளு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். நல்ல மனிதர்கள் பல பேர் இப்படித்தான் ஆள் பார்க்கத் தெரியாமலே செத்துப்போகிறார்கள்.

ஆனியும் கேட்டாள். ஜூலையில், அடக்கம் முடிந்து அவன் துக்கம் விசாரிக்க வந்தபோது, பாட்டிலை அவன் முன்னால் வைத்தாள். "இது ஏதாச்சும் விலைக்குப் போகுமா தம்பி?"

வெங்கட் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். சீல் பிரிக்கவில்லை, லேபிளில் ஒரு கறை இல்லை. ஆனால் உதட்டைப் பிதுக்கினான்.

"மார்க்கெட் படுத்துருச்சுக்கா. தவிர, இது சாதாரண சரக்கு. சமையலுக்கு ஊத்தினா ஊத்தலாம், அவ்வளவுதான்."

அன்றைக்கே வாங்கிக்கொண்டு போயிருப்பான். துக்க வீட்டில் பாட்டிலைக் கேட்டால் யாருக்கும் சந்தேகம் வரும். அதனால் டிசம்பர்வரை பொறுத்தான். அவன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், ஏசி குளிரில், இப்படிப்பட்ட பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. எதையும் அவன் ஒரு வாய் குடித்துப் பார்த்ததில்லை. திறந்தால் மதிப்பு போய்விடுமே!

தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். "தப்பா நினைக்காதீங்கக்கா. அண்ணன் ஞாபகமா அந்தப் பாட்டிலை நான் வச்சுக்கட்டுமா? சும்மா வேணாம். இது டானியலாவுக்கு என்னோட கிறிஸ்துமஸ் பரிசு." இரண்டு ஐம்பது வெள்ளி நோட்டுகள் வைத்த உறையை நீட்டினான்.

ஆனியின் முகம் மலர்ந்துவிட்டது. "அதுக்குப் போய்க் காசா? வேணாம் லா! பாட்டில் அழகா இருக்கு, கேட்டா உங்களுக்கே கொடுக்கணும்னு பத்திரமா எடுத்து வச்சிருக்கேன்."

வெங்கட் உறையை மெல்லச் சட்டைப் பைக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டான். கொஞ்சம்கூட வெட்கப்படவில்லை.

அவள் நாற்காலியில் ஏறிப் பெட்டியை ஒரே கையால் இறக்கினாள். வாங்கியதுமே அவன் அதைக் கையில் தூக்கி அசைத்துப் பார்த்தான். இருக்கவேண்டிய கனம் இல்லை. அவசரமாகத் திறந்தான். பாட்டில் கழுவித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. உள்ளே ஒரு சொட்டு இல்லை.

"அக்கா... இதுல இருந்தது?"

ஆனி அடுக்கியிருந்த கேக் பெட்டிகளைப் பெருமையாகப் பார்த்தாள். "வருஷா வருஷம் பழம் ஊறப்போட ரம் வாங்குவேன். இந்த வருஷம் அந்தச் செலவு மிச்சம் தம்பி. அந்தக் காசையும் டானியலா படிப்புக்குன்னு எடுத்து வச்சிட்டேன்."

வெங்கட்டின் பார்வை தான் வழித்துத் தின்ற தட்டுக்குப் போனது. நாக்கில் இன்னும் சந்தனம் மணத்தது.

அவன் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்து ஆனி பதறினாள்.

"என்ன தம்பி, நீங்கதானே சொன்னீங்க, சமையலுக்கு ஊத்தலாம்னு?"