நாற்பத்திரண்டு சரி

“ஏழு.”

“சரி.”

“பி.”

“சரி.”

“மூணு.”

“சரி.”

தலைநகரில், துவாரகா ஃபிளாட்டின் நாலாவது மாடியில், சிவஞானம் லேப்டாப் திரையைப் பார்த்து எழுத்து எழுத்தாகப் படித்தார். பக்கத்து நாற்காலியில் மனைவி லீலாவதி போனை ஏந்திக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் சரி சொன்னாள். மொத்தம் நாற்பத்திரண்டு எழுத்து, நாற்பத்திரண்டு சரி.

மினிஸ்ட்ரியில் முப்பத்துநாலு வருஷம் ஸ்டெனோவாக இருந்தவர் அவர். அங்கே அடித்த காகிதத்தை ஒருவர் உரக்கப் படிப்பார், இன்னொருவர் மூலத்தோடு ஒத்துப்பார்ப்பார். அப்படி அவருக்கு எதிரே ஒத்துப்பார்க்க உட்கார்ந்தவள்தான் லீலாவதி. அவள் சரி சொன்ன காகிதத்தைச் செக்ரட்டரிகூட மறுபடி படிக்க மாட்டார்.

மகன் அஷ்வத் சென்னை ஆஸ்பத்திரியில் இருந்தான். அவன் மகள் ஷ்ருதிக்கு மூன்று வயது, இதயத்தில் ஓட்டை, வெள்ளிக்கிழமை ஆப்பரேஷன். நாலு வருஷமாக வெளிநாட்டுக் கம்பெனி அவனுக்குச் சம்பளமாகத் தந்த கிரிப்டோ காசு முழுக்க இந்த லேப்டாப்பில் இருந்தது. அதை எடுத்துக்கொள்ளக்கூட நேரமில்லாமல் குழந்தையோடு விமானம் ஏறியிருந்தான்.

ஆப்பரேஷனுக்குப் பணமாக்க, அந்தக் காசை விற்கிற இடத்தின் நாற்பத்திரண்டு எழுத்து விலாசத்தை அம்மாவின் போனுக்கு அனுப்பிவிட்டு, “வாட்ஸ்அப்பை லேப்டாப்ல திறந்து காப்பி பண்ணிப் போடுங்கப்பா, கையால மட்டும் அடிக்காதீங்க” என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டான்.

“போடா. நான் அடிச்ச காயிதம் பார்லிமென்டுக்கே போயிருக்கு. அங்க வராத தப்பு இங்க வந்துருமா?” என்றார் சிவஞானம்.

“அச்சா, ஏதோ பண்ணுங்க. ஆனா ஜல்தி.”

அடித்தாயிற்று, ஒத்துப்பார்த்தும் ஆயிற்று.

“என்னட்டி, அமுக்கிரவா?”

“அமுக்குங்க.”

அமுக்கினார். பச்சை வட்டம் ஒன்று சுற்றி நின்றது. அவ்வளவுதான் வேலை.

லீலாவதி எழுந்து போய்க் காபி கொண்டுவந்தாள். ஆள்காட்டி விரலைத் தம்ளருக்குள் மடக்கி வைத்துக்கொண்டு ஊற்றினாள். விரலில் சூடு பட்டதும் நிறுத்தினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

“விரலை உள்ள விட்டு ஊத்துதியே, இது எந்த டாபா பையாகிட்ட படிச்ச பாடம்?”

“கை கழுவிட்டுத்தான் வந்தேன். குடிங்க.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. மனசு லேசாகியிருந்தது. “பாப்பா ஆப்பரேஷன் முடியுத வரைக்கும் இந்த வீட்ல ஒருத்தருக்கும் ஒரு தலைவலிகூட வரப்படாதுன்னு சொன்னேம்லா? ஆறேழு மாசமாச்சு, வந்துச்சா?”

“வரலை” என்றாள் லீலாவதி.

காபி ஆறுவதற்குள் போன் அடித்தது.

“அப்பா, இங்க எதுவும் வரலை.”

“அனுப்பியாச்சே. நல்லாப் பாரு.”

“பார்த்துட்டேன். நீங்க அனுப்புனது வேற விலாசத்துக்குப்பா. எட்டு இருக்க வேண்டிய இடத்துல மூணு இருக்கு. அந்த ஒண்ணுதான் தப்பு.”

சிவஞானம் எழுந்து நின்றுவிட்டார். “அது யார் விலாசம்? ஆளைச் சொல்லு. நேர்ல போய்க் கால்ல விழுந்து வாங்கிட்டு வாரேன்.”

“யார் விலாசமும் இல்லப்பா. அதைத் திறக்க உலகத்துல ஒருத்தர்கிட்டயும் சாவி கிடையாது.”

“பேங்க் மேனேஜரைப் பாத்து ஒரு மனு எழுதிக் குடுத்தா?”

“இதுக்கு பேங்கும் இல்ல, மேனேஜரும் இல்ல. போனது போனதுதான்.” பின்னால் யாரோ ஒரு நர்ஸ் அவனைக் கூப்பிட்டாள். “டாக்டர்கிட்ட என்ன சொல்றதுன்னு தெரியலை” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அப்பாவை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

திரையில் அந்த விலாசம் அப்படியே நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். ஏழு, பி, மூணு. அவளிடமிருந்து போனை வாங்கிப் பார்த்தார். ஏழு, பி, எட்டு. எத்தனை தரம் மாற்றி மாற்றிப் பார்த்தாலும் மூணு மூணாகத்தான் இருந்தது. விரல் எப்போது வழுக்கியது என்று அவருக்கே தெரியவில்லை.

பால்கனிக்கு வெளியே மெட்ரோ ஒன்று போயிற்று. லீலாவதியின் முகத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. பேத்தியின் உயிரை ஒரு விரலால் அமுக்கித் தொலைத்தவன் எந்த முகத்தோடு பார்ப்பான்?

“தப்பு பூரா என்னோடதுதான், லீலா” என்றார். “அடிக்கயிலயும் தப்பு, படிக்கயிலயும் தப்பு. மூணைப் பாத்துக்கிட்டே வாயில எட்டுன்னு படிச்சிருக்கேன். இல்லேன்னா நீ விட்டிருக்கவே மாட்ட. உன் கண்ணுல இருந்து ஒரு புள்ளி தப்புமா?”

போனை மேஜைமேல் வைத்தார்.

“எனக்குத்தான் கண்ணு போயிட்டு. இனிமே எனக்கும் சேத்து நீதான் பாக்கணும், கேட்டியா?”

லீலாவதியின் கை மேஜையைத் தடவி, ஆறிப்போன தம்ளரைத் தாண்டி, கடைசியில் அவர் கையைக் கண்டுபிடித்தது.

“எழுத்து என் கண்ணுக்குத் தெரிஞ்சு ஆறு மாசம் ஆச்சுங்க.”